இரண்டு நாய், மூன்று சைக்கிள், ஒரு கார்: மலையகத்தில் வண்டி தேடிய கதைகள்

கொழுந்து லொறி (தலவாக்கலை):

போன மாதம் கார் மாற்றினோம். என்ன வாங்கினாய், ஏன் வாங்கினாய் என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் வரும்.

வீட்டில் நான்கு பேர். நான், மனைவி, பதினான்கு வயது மகன், ஒன்பது வயது மகள். நாய் இரண்டு. கறுப்பி லயத்துப் பக்கம் மழையில் நனைந்து கிடந்த குட்டி, இப்போது 18 கிலோ. ராஜா லப்ரடோர் கலப்பு, 30 கிலோ, வீட்டில் வேலை ஒன்றும் கிடையாது. சைக்கிள் மூன்று. மகனுக்கு மலைச் சைக்கிள் பைத்தியம். தம்பத்தென்னையிலிருந்து லிப்டன் சீட் வரை மிதித்து ஏறவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முன்பு இருந்தது 800 சிசி சின்னக் கார். சைக்கிளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பட்டா லொறியை (சின்ன லொறி) கூலிக்குப் பிடிப்போம். நாய்கள் பிள்ளைகள் மடியில். வளைவுக்கு வளைவு யார் யார் மேல் விழுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

நாயை வீட்டில் கட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே என்பார்கள். எங்கள் வீடு தேயிலை மலைக்கு அடியில். மூன்று வருடம் முன்னால் பக்கத்து வீட்டு நாயைப் புலி தூக்கிக்கொண்டு போனது, சங்கிலி மட்டும் கிடந்தது. (புலி என்பது எங்கள் ஊர்ப் பேச்சு, வந்தது சிறுத்தை.) அன்றிலிருந்து இரவு தங்கும் பயணம் என்றால் நாய்களும் வரும்.

சரி, வண்டிக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. நடுவில் ஐந்து வருடம் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். திறந்த பிறகும் புது வண்டிக்கு வரி சேர்ந்து வரும் தொகை எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு எட்டாது. ஆகவே பாவித்த ஜப்பான் வண்டிதான், அதுவும் லீசிங்கில்.

எங்கள் கராஜ் பாஸ் ஒரு யோசனை சொன்னார். "நீங்க சீட்ல உக்காந்து பார்த்து வாங்காதீங்க. நாயையும் சைக்கிளையும் கொண்டுபோய் ஏத்திப் பார்த்து வாங்குங்க." முதலில் சிரித்தேன். பிறகு அப்படியேதான் செய்தேன். பார்க்கப் போன இடமெல்லாம் பட்டா லொறியில் ஒரு சைக்கிளும் ராஜாவும் பின்னால் வந்தன. ஒரு வீட்டில் விற்பவரின் அம்மா, நாய்தான் வண்டி வாங்க வந்திருக்கிறதா என்று கேட்டார். பொய் இல்லை அது.

முதலில் பார்த்தது உயரமான ஜீப் மாதிரி வண்டி. தெருவில் நின்றால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பின் கதவைத் திறந்தால் தளம் என் இடுப்பு உயரத்தில். ராஜா முன்னங்காலை மட்டும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். 30 கிலோவை நான்தான் தூக்கி வைத்தேன். முன் சக்கரத்தைக் கழற்றிய பிறகும் சைக்கிள் உள்ளே போகவில்லை, பின் கண்ணாடி அவ்வளவு சாய்வு. வெளியே மலை மாதிரி, உள்ளே அலுமாரி மாதிரி.

அடுத்தது ஹொண்டா ஃபிட். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பெற்றோல் டாங்க் முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால், பின் இருக்கையின் அடிப்பலகையைத் தியேட்டர் நாற்காலி மாதிரி மேலே மடக்கிவிடலாம். தரையிலிருந்து கூரை வரை திறந்த இடம் கிடைக்கும். முன் சக்கரம் கழற்றிய சைக்கிளை நிமிர்த்தியே நிறுத்தலாம். புருஷன் பெண்சாதி இரண்டு பேர், ஒரு நாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இருவர். இருக்கையை மடக்கினால் அவர்களை எங்கே உட்காரவைப்பது?

கடைசியாக கம்பளையில் ஒரு டொயோட்டா புரொபொக்ஸ், 1500 சிசி. சாமான் ஏற்றவே பிறந்த வண்டி. அழகு பார்க்காதீர்கள், பாண் பெட்டிக்குச் சக்கரம் போட்ட மாதிரி இருக்கும். பின் இருக்கையை மடித்தால் 1.8 மீட்டர் தட்டையான தளம். மடிக்காவிட்டாலும் பின்னால் இரண்டு நாய் படுக்கத் தாராளம். பின் தளம் முழங்காலுக்குச் சற்று மேலேதான். நான் ஒன்றும் சொல்லாமலே ராஜா தாவி ஏறிப் படுத்துக்கொண்டான். இறக்கத்தான் பிஸ்கட் தேவைப்பட்டது. அன்றைக்கே பேசி முடித்தோம்.

பின் இருக்கையில் சோபா சுகம் எதிர்பார்க்கவேண்டாம். மாமியார் ஒரு தலையணையோடுதான் ஏறுகிறார்.

இருக்கைக்கும் நாய்களுக்கும் நடுவே ஹட்டன் வெல்டிங் கடை ஒன்றில் கம்பி வலைத் தடுப்பு அடித்து மாட்டினேன். அதைத் தவறவிடாதீர்கள். திடீர் பிரேக்கில் 30 கிலோ நாய் நாயாக வராது, சிமெந்து மூட்டையாக வந்து பிள்ளைகள் கழுத்தில் விழும். சைக்கிள் மூன்றும் கூரைக் கம்பியில்.

இனி பாரம். எங்கள் நால்வர் எடை 213 கிலோ, நாய்கள் 48, சைக்கிள்கள் 37, கூரைக் கம்பி 6. பைகள் இல்லாமலே 304 கிலோ. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால், டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கும், காற்று மெலிந்துவிடுவதால். நுவரெலியா 1,868 மீட்டர். அதாவது, கொழும்பில் ஓட்டிப் பார்த்து "நல்லா இழுக்குது" என்று வாங்கிய வண்டி இங்கே வந்ததும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சோர்ந்துபோகும். வாங்கும் முன் நிறைப் பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் இறக்கம். புசல்லாவை மாமியார் வீட்டுக்கு முதல் பயணம் போனோம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை இறக்கம் முழுக்க ஓட்டோ கியரை டிரைவிலேயே விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். ஆஞ்சநேயர் கோயில் பக்கம் வரும்போது எரிந்த நாற்றம். பிரேக் கால் பஞ்சில் பதிகிற மாதிரி பதிந்தது. நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது. பழைய மனுவல் காரில் தானாக இரண்டாம் கியருக்கு வந்த கை, ஓட்டோ கியர் வந்ததும் சோம்பிவிட்டது. இப்போது இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் கீழே இறக்கி எஞ்சினாலேயே பிடித்து வருகிறேன், பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்கிறேன்.

ஊவாக் காற்று (பண்டாரவளை):

அண்ணே, புரொபொக்ஸ் நல்ல தேர்வுதான். ஆனால் கூரையில் சைக்கிள் ஏற்ற நான் ஐந்தடி உயரத்துக்கு எங்கே போவேன்? ஆண்கள் வண்டி பார்க்கும்போது இது ஞாபகத்துக்கே வராது. நான் வாங்கியது சுசுகி எவ்ரி, எங்கள் பக்கம் பட்டி வேன் என்பார்கள். 660 சிசி. பின் இருக்கையை மடித்தால் தளம் 1.9 மீட்டர் அளவு வரும். என் சைக்கிளும் மகளின் சைக்கிளும் சக்கரம் கழற்றாமலே உருண்டு ஏறும். மழையில் கூரைமேல் நனைவதும் இல்லை. பக்கக் கதவு இழுத்துத் திறப்பது, அதன் படியில் கால் வைத்து எங்கள் பதினொரு வயதுக் கிழ நாய் இரண்டே எட்டில் ஏறிவிடும். மூட்டு வலி வந்த நாய் வீட்டில் இருந்தால் இதைவிட வேறு வண்டி தேடவேண்டாம்.

இன்னொன்று சொல்லவேண்டும். இந்த வேனில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில். பகல் வெயிலில் சீட்டுக்கடியில் கதகதவென்றிருக்கும், அது எனக்குத் தொல்லை. நாய்க்கோ சொர்க்கம். அப்புத்தளையில் பனி இறங்கும் நேரம் சாரதி இருக்கைக்குப் பின்னால் தரையோடு ஒட்டிப் படுத்தால் எழும்பவே மாட்டான்.

அகலம் 1.48 மீட்டருக்குள்தான். தம்பத்தென்னைத் தோட்டப் பாதையில் எதிரே கொழுந்து லொறி வந்தால் (உங்களைச் சொல்லவில்லை அண்ணே) கான் ஓரம் ஒதுங்க இந்த ஒடுக்கம் கைகொடுக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது நிறைப் பாரம் என்றால் பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தபடியே வரும். நான் ஓரம் கட்டி வழிவிட்டுவிடுவேன். பெட்டி மாதிரி உயரம் என்பதால் மலை முகட்டில் காற்று பக்கவாட்டில் தள்ளும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கவேண்டும். முன்பக்கம் எஞ்சின் இல்லை, முழங்காலுக்கு முன்னால் தகரம்தான் என்பதும் மனதில் இருக்கட்டும். அதனால்தான் நான் மெதுவாகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அதற்குமேல் போகாது.

பனிமூட்டம் (நுவரெலியா):

ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு பெட்டரி மோட்டாரும் உள்ள கார்) வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் கதை. எந்தக் கம்பனி என்று சொல்லமாட்டேன், பல ஹைபிரிட் கார்களில் இந்த அமைப்பு இருக்கிறது.

2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்றவன் நான். அப்புறம் கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில், அடுத்த கார் ஹைபிரிட்தான் என்று முடிவெடுத்தேன். வாங்கினேன். செலவு உண்மையிலேயே குறைந்தது.

வீட்டில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். முடி கொட்டுவது அவனுக்கு முழுநேரத் தொழில். பின் இருக்கையில் விரிப்புப் போட்டு ஏற்றுவோம். எட்டாவது மாதம், நானுஓயா ஏற்றத்தில் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. வண்டி முனகிக்கொண்டு வீடு வந்தது. கராஜில் பின் இருக்கைப் பக்கம் ஒரு சின்னக் காற்றுத் துவாரத்தைக் கழற்றினார்கள். பெரிய பெட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அந்த வழியாகத்தான் கார் உள்ளே இருக்கும் காற்றை இழுக்கிறது. விசிறியில் சுற்றியிருந்த நாய் முடியை எடுத்து மேசையில் வைத்தார்கள். கம்பளித் தொப்பியே பின்னலாம். காற்றுப் போகாமல் பெட்டரி சூடேறியிருக்கிறது, ஏற்றத்தில் அதற்கு வேலையும் அதிகம். நல்லகாலம், துப்புரவு செய்ததோடு போயிற்று. பெட்டரியே போயிருந்தால் லீசிங்குக்கு மேல் இன்னொரு கடன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வடிகட்டியைக் கழற்றித் தட்டுகிறேன். விரிப்பால் துவாரத்தை மூடிவிடாதீர்கள், நான் அதையும் செய்திருந்தேன். இன்னொன்று, சில ஹைபிரிட்களில் பெட்டரி பின் டிக்கித் தளத்துக்குக் கீழே இருப்பதால் தளம் உயர்ந்து, நாய் நிற்கும் உயரம் குறைந்துவிடும். அளவு நாடாவோடு போங்கள்.

சின்னக் கார்க்காரி (ஹட்டன்):

நாங்கள் வண்டியே மாற்றவில்லை. இருக்கிற சின்னக் காரின் பின் கதவில் வார் போட்டுக் கட்டும் சைக்கிள் தாங்கி ஒன்று வாங்கினோம். முதல் நாளே கினிகத்தேனையில் பொலிஸ் நிறுத்தியது. சைக்கிள் சக்கரம் இலக்கத் தகட்டை மறைத்துவிட்டது, பின் விளக்கில் ஒன்றையும். "பனியில் உங்கள் பின்னால் வருபவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இறக்கி, உள்ளே திணித்துக்கொண்டு வந்தோம். வார் இழுத்த இழுப்பில் கதவு மேல்விளிம்பில் இருந்த பிளாஸ்டிக் துண்டும் வெடித்திருந்தது.

இப்போது என் கணவரின் சைக்கிள் நிரந்தரமாக வெலிமடையில் அவர் அக்கா வீட்டில். பிள்ளைகள் அங்கே போனால் ஓட்டுவார்கள். கார் செலவு பூச்சியம். அக்காவுக்கு வருடத்துக்கு ஒரு சேலை.

ஒரு கேள்வி: எங்கள் நாய்க்குட்டி வளைவில் வாந்தி எடுக்கிறது. உங்கள் நாய்களுக்கு இல்லையா?

ஊவாக் காற்று (பண்டாரவளை):

எடுத்தது தங்கச்சி, எங்கள் பழைய நாய் ஒரு வருடம் எடுத்தது. பயணத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். முன்பக்கம் பார்த்துத் தாழ்வாகப் படுக்கட்டும். ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். அதைவிட, வண்டி ஓடாமல் நிற்கும்போதே தினம் பத்து நிமிடம் உள்ளே உட்காரவைத்துப் பழக்குங்கள். பாதி வாந்தி பயத்தில் வருவது. குட்டிகள் வளர வளரக் குறையும். குறையாவிட்டால் மிருக வைத்தியரிடம் மாத்திரை இருக்கிறது. நம்முடைய மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

குளிர் ஊர்தானே என்று பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகவும் வேண்டாம். வெயிலில் நின்றால் பத்து நிமிடத்தில் உள்ளே பத்துப் பாகை ஏறிவிடும்.

பனிமூட்டம் (நுவரெலியா):

நாயோடு வருபவர்களுக்கு ஒன்று: ஹோர்ட்டன் சமவெளிக்கு நாயைக் கூட்டிவர முடியாது, அது தேசியப் பூங்கா. வாசல் வரை வந்து திரும்பிய குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். நாயின் முகத்தைவிட அப்பாவின் முகம்தான் பாவமாக இருந்தது.

கொழுந்து லொறி (தலவாக்கலை):

நன்றி தங்கச்சி, நன்றி அனைவருக்கும். கூரைமேல் ஏற்றுவதைப் பற்றிப் பண்டாரவளைத் தங்கச்சி சொன்னது சரிதான். என் மனைவியும் அதையே சொன்னாள், காசு கொடுத்த பிறகு.

லிப்டன் சீட் பயணம் நடந்தது. மகன் ஏறிவிட்டான், நான் பாதியில் தள்ளிக்கொண்டு போனேன், கறுப்பியின் காலில் மூன்று அட்டை. எல்லாம் நல்லபடி முடிந்து இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலுக்கு வந்தோம். வண்டி ஒன்றரை மீட்டர், மேலே சைக்கிள், மொத்தம் 2.7 மீட்டர் என்று நானே அளந்து மகனுக்குச் சொன்னவன். களைப்பில் நேராகத் தகரக் கொட்டிலுக்குள் விட்டேன். சத்தம் கேட்டு லயமே எழும்பிவிட்டது. மகனின் சைக்கிள் ஹேண்டில் வளைந்தது, தகரம் இரண்டு பறந்தது, கூரைக் கம்பி இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

அன்றிலிருந்து சைக்கிள் மேலே இருந்தால் ஸ்டியரிங்கில் மகளின் சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுவது என்று ஏற்பாடு. இரண்டு பயணம் ஒழுங்காக நடந்தது. போன ஞாயிறு ரிப்பனை ராஜா தின்றுவிட்டான்.