வேட்டைப் பக்கத்தைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படி வாசிப்பது?

வணக்கம். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், 4 முதல் 6 வயது வரையுள்ள ஏழு பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் காட்டுவிலங்குகளைப் பற்றிய படநூல்களை வாசித்து வருகிறேன். வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சி வரை எல்லாம் நன்றாகவே சென்றன. மூன்று வாரங்களுக்கு முன், செந்நாய்களைப் பற்றிய புகைப்பட நூலில் அவை கூட்டமாகச் சேர்ந்து புள்ளிமானை வீழ்த்தும் பக்கம் வந்ததும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுவிட்டாள். இப்போது அந்த நூலை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். மற்றவர்களோ அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

முதலில் அப்பக்கத்தைத் தாண்டிச் சென்றேன், உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து, மான் தப்பிவிட்டது என்று மாற்றிச் சொன்னேன். கண்முன்னே படம் வேறாக இருக்க அது எடுபடவில்லை. உண்மையைச் சொல்லும் நூலில் பொய் கலந்த உறுத்தல்தான் மிஞ்சியது. சென்ற வாரம், பெரிய செந்நாய்கள் தாம் உண்ட இறைச்சியைத் திரும்பி வந்து கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும் என்பதை முன்கூட்டியே விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ மான்குட்டிக்கு யாரு ஊட்டுவாங்க?” என்றாள். என்னிடம் விடை இல்லை.

சிறுத்தை நடமாட்டத்தால் பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை வாசலுக்கே விடாத ஊர் இது என்பதால், விலங்குகள் நம்மை ஒன்றும் செய்யாது என்று பொதுவாக ஆறுதல் சொல்லவும் இயலாது.

இந்த வயதினருக்கு வாசித்த அனுபவம் உள்ளவர்கள், உண்மையை மறைக்காமலும் அச்சத்தை வளர்க்காமலும் வேட்டைப் பக்கத்தை எந்தச் சொற்களில் வாசிக்கிறீர்கள்?