புதுப்பிப்பு: ஓரம் கொதிக்கிறது, நடு ஜில்லென்று இருக்கிறது

மைக்ரோவேவில் சூடாக்கினால் சோறு ஓரத்தில் கொதிக்கிறது, நடுவில் ஃபிரிட்ஜில் இருந்த மாதிரியே இருக்கிறது, ஓவன் பழுதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பழுது இல்லை, நான் வைத்த விதம்தான் தப்பு.

இன்னும் கூடுதல் நேரம் வையுங்கள் என்று சிலர் சொன்னதைத்தான் முதலில் செய்தேன், ஓரம் காய்ந்து விறைத்ததே தவிர நடு மாறவில்லை. அலைகள் உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் இறங்கும், அதற்கு மேல் சூடு தானாக மெல்லப் பரவ வேண்டும். தட்டு சுற்றினாலும் அதன் நடுப்புள்ளி நகராது, அங்கே அலை பலவீனமாக இருந்தால் கடைசி வரை அப்படியேதான்.

இப்போது சோற்றைக் குவிக்காமல், நடுவில் குழி விட்டு வளையமாகப் பரப்புகிறேன். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஆவி போகக் கொஞ்சம் இடம் விட்டு மூடி, பாதி பவரில் இரண்டு நிமிடம். வெளியே எடுத்து அடிவரை கிளறி மறுபடி இரண்டு நிமிடம். அப்புறம் மூடியபடியே இரண்டு நிமிடம் சும்மா விட வேண்டும், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். நேற்று வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன்: எடுத்தவுடன் நடுவில் 66 டிகிரி, பொறுத்த பிறகு 75. எல்லா இடமும் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் பயமில்லை.

ஒன்று மட்டும், வெளியே பல மணி நேரம் கிடந்த சோற்றைச் சூடாக்கிக் காப்பாற்ற முடியாது. அதில் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு சூட்டில் அழியாது, கொட்டிவிடுங்கள்.