விபத்துச் செலவு இன்சூரன்ஸ் வரம்பைத் தாண்டினால் மீதி எங்கள் தலையிலா?

கேள்வி – பே ஏரியா வாசி
வணக்கம். கலிஃபோர்னியாவில் என் மனைவி இடப்பக்கம் திரும்பும்போது, எதிரே நேராக வந்த காருடன் மோதல். போலீஸ் ரிப்போர்ட்டில் தவறு எங்கள் பக்கம். அந்தக் காரை ஓட்டியவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எங்கள் பாலிசியில் ஒரு நபருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000 டாலர்தான். "இழப்பீடு வரம்பைத் தாண்டினால் மீதிக்கு நீங்களே பொறுப்பு, சொந்தச் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. வீடு, சம்பளம், 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் போய்விடுமா? வீட்டைத் தங்கை பெயருக்கு மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். இரண்டு பேருக்கும் தூக்கமே இல்லை.

பதில் – பழைய க்ளெய்ம்காரன்
வீட்டைப் பெயர் மாற்றும் பேச்சை இப்போதே விடுங்கள். விபத்துக்கு அப்புறம் சொத்தை இப்படி நகர்த்தினால், இழப்பீட்டிலிருந்து தப்பச் செய்தது என்று கோர்ட் அதை ரத்து செய்யலாம். உங்கள் மீதான நம்பிக்கையும் போய்விடும்.

அந்தக் கடிதம் வழக்கமாக வருவதுதான், பயப்படாதீர்கள். 30,000 / 60,000 என்பது 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். பெரிய காயம் என்றால் இந்தத் தொகை ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிடும்.

நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது வேறு. "பாலிசி வரம்பு முழுவதையும் கொடுங்கள், முடித்துக்கொள்கிறோம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கெடு வைத்து எழுதக்கூடும். நியாயமான அந்தச் சமரசத்தை இன்சூரன்ஸ் கம்பெனி காரணமில்லாமல் மறுத்து, பிறகு தீர்ப்பு வரம்பைத் தாண்டினால், மீதியும் கம்பெனி தலையில்தான் விழும். 1958-ல் கொமுனாலே வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதனால் "வரம்புக்குள் சமரசம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், வருகிற கடிதங்களின் நகல் எனக்கும் வேண்டும்" என்று எழுத்தில் அனுப்பி வையுங்கள். போனில் சொன்னது கணக்கில் நிற்காது. சமரசம் ஆனதும் "இனி உங்களிடம் எதுவும் கேட்க மாட்டோம்" என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் உங்கள் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

பே ஏரியா வாசி
நன்றி சார். ஓட்டியது மனைவிதானே, என் பெயர் எதற்கு?

பதில் – சாக்ரமென்டோ அக்கா
தம்பி, கலிஃபோர்னியாவில் திருமணத்துக்குப் பின் சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் சொந்தம். அவர் மேல் தீர்ப்பு வந்தால் உங்கள் சம்பளத்தையும் தொடலாம். ஆனால் வழக்குப் போட்டு, தீர்ப்பு வந்த பிறகுதான் அதெல்லாம். கடிதம் வந்ததும் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். தீர்ப்பே வந்தாலும், சாதாரணக் கடனுக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது மத்திய சட்டம். அலுவலக 401(கே) பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருக்கும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பிலும் ஒரு பகுதிக்கு விலக்கு உண்டு.

சமரசத்துக்கு முன் சொத்து விவரத்தைப் பிரமாணமாகக் கேட்பார்கள். ஒன்றையும் மறைக்காமல், சொந்த வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கார் பாலிசி வரம்புக்கு மேல் கூடுதலாகக் கை கொடுக்கும் அம்ப்ரெல்லா பாலிசியை இனி எடுத்தாலும் இந்த விபத்துக்கு உதவாது.

ஒரு கேள்வி: அன்று உங்கள் மனைவி எங்கே போய்க்கொண்டிருந்தார்?

பே ஏரியா வாசி
ஆபீஸ் பேப்பர்களை ஒரு கஸ்டமரிடம் கொடுக்க, மேனேஜர் சொல்லித்தான் போனார்.

பதில் – சாக்ரமென்டோ அக்கா
அப்படியானால் இன்றே வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். வேலை நிமித்தம் ஓட்டியது என்றால் முதலாளிக்கும் பொறுப்பு வரும், அவர்களுடைய இன்சூரன்ஸும் உள்ளே வரலாம். மேனேஜர் அனுப்பிய மெசேஜை அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.