வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகி க்ளெய்ம் ரிஜெக்ட், கீழ் வீட்டுக்காரர் நஷ்டஈடு கேட்கிறார்

மேல்மாடி: அவசரம். வாடகைக்கு விட்ட வீட்டில் தண்ணீர் ஒழுகி கீழ் வீட்டு சீலிங் போச்சு. முழுச் செலவும் நான்தான் தரணும்ங்கிறார். இன்சூரன்ஸ்ல ரிஜெக்ட். பிரீமியம் எல்லாம் ஒழுங்கா கட்டிட்டுதான் வரேன். என்ன பண்றது?

ஈரச்சுவர்: எங்கிருந்து ஒழுகியது? பைப் உடைந்ததா, கசிந்ததா? வீட்டில் ஆள் இருந்தாரா? ரிஜெக்ட் லெட்டரில் என்ன காரணம்? இது தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

பூட்டுசாவி: காலி வீடாகத்தான் இருக்கும். 30 நாளோ 60 நாளோ தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் தண்ணீர்ச் சேதம் கவர் ஆகாது என்று பல பாலிசிகளில் இருக்கும்.

ஷெட்யூல்_படி: எந்தப் பாலிசி சார்? கட்டடத்துக்கா, உங்களால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பொறுப்புக்கா? ரசீதை ஃபைலில் வைத்துவிட்டு, எது கவர் என்ற விவரம் இருக்கும் பாலிசி ஷெட்யூலைப் பிரித்தே பார்க்காதவர்கள்தான் இங்கே வாராவாரம் வருகிறார்கள். உங்கள் கட்டடப் பாலிசி கீழ் வீட்டு சீலிங்குக்குப் பணம் தராது. அது பொறுப்புக் காப்பீட்டு வேலை. அதிலும் நீங்கள் சட்டப்படி பொறுப்பு என்றால்தான்.

மேல்மாடி: லெட்டரில் 'நாள்பட்ட கசிவு'ன்னு இருக்கு. வாஷ்பேசின் அடியில இருக்கிற கனெக்‌ஷன் பைப். குடித்தனக்காரர் நாலு நாள் வெளியூர். பொறுப்பு கவரும் சேர்த்துத்தான் எடுத்திருக்கேன். ரெண்டுக்கும் ஒரே லெட்டர்.

ஈரச்சுவர்: இப்போது பேசலாம். திடீரென்று வெடித்தால் கவர், மெதுவாகக் கசிந்தால் தேய்மானம், கவர் இல்லை. சண்டை இந்த ஒரு வரியில்தான். பழைய பைப்பை எறிந்துவிடாதீர்கள். நட்டில் புதிதாக விரிசல் இருந்து உள்பக்கம் சுத்தமாக இருந்தால் உங்களுக்குச் சாதகம். நட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து, பைப்பைச் சுற்றிய பின்னல் கம்பி துருப்பிடித்திருந்தால் நிறுவனம் சொல்வதுதான் சரி. கீழ் சீலிங்கையும் படம் எடுங்கள். வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புக் கறை இருந்தால் பலமுறை நனைந்திருக்கிறது. ஒரே விளிம்பு என்றால் பெரும்பாலும் ஒருமுறைதான். பிளம்பரிடம் தேதியோடு, பழுதின் காரணத்தோடு எழுதி வாங்கி, மறுபரிசீலனை கேளுங்கள். பைப்பின் விலை பெரும்பாலும் வராது, அது விளைவித்த சேதத்துக்குத்தான் பணம்.

இன்னொன்று: கீழ் வீட்டுக்காரருக்கு 'நான் தந்துடறேன்' என்று மெசேஜ் போட்டுவிடாதீர்கள். நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் பொறுப்பு கவரே சிக்கலாகும். அவருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அதில் க்ளெய்ம் செய்யட்டும். அந்த நிறுவனம் பிறகு உங்களிடம் வசூலிக்க வரலாம், அதற்குத்தான் உங்கள் பொறுப்பு கவர்.

வாடகைச்சீட்டு: இதுக்கெல்லாம் அக்ரிமெண்ட்லயே 'தண்ணீர்ச் சேதத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சது.

ஷெட்யூல்_படி: அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டது குடித்தனக்காரர். கீழ் வீட்டுக்காரர் போட்டாரா?

வாடகைச்சீட்டு: குடித்தனக்காரர் பொருளுக்காவது செல்லுமே.

ஷெட்யூல்_படி: பழுது பார்ப்பது உரிமையாளர் கடமை என்றால் அந்த வரி எவ்வளவு தூரம் நிற்கும் என்பது சட்டத்தைப் பொறுத்தது. அவருடைய பொருளுக்கு அவரே பாலிசி எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள், அது உபயோகம்.

பூட்டுசாவி: காப்பீட்டுத் தொகையையும் பாருங்கள். திரும்பக் கட்ட 100 ஆகும் வீட்டை 60க்கு எடுத்திருந்தால், 10 சேதத்துக்கு 6தான் வரும் என்று சில பாலிசிகளில் இருக்கும். மனை விலையைச் சேர்க்க வேண்டாம், கட்டுமானச் செலவு போதும்.

மேல்மாடி: பைப் பிளம்பர்கிட்டயே இருந்துச்சு. நட்டு விரிசல், உப்பு இல்ல. மறுபரிசீலனைக்கு எழுதிட்டேன். ஆனா பாலிசியில 'சொந்தக் குடியிருப்பு'ன்னு இருக்கு, அது பரவாயில்லையா?

ஈரச்சுவர்: இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும் சார். வாடகைக்கு விட்டதைத் தெரிவித்த கடிதமோ மெயிலோ இருக்கிறதா? தேடுங்கள். இல்லையென்றால் மறைக்காதீர்கள், அவர்கள் கேட்கும் முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

ஷெட்யூல்_படி: ஷெட்யூல், முதல் பக்கம்.