குழப்படி செய்கிற பிள்ளையை அடக்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தை அம்மா:
மகனுக்கு ஏழு வயது, நாங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். சனிக்கிழமை பின்னேரம் பாண் விற்கிற ஓட்டோ வந்த சத்தம் கேட்டதும் (பீத்தோவனின் அந்த ஃபூர் எலீஸ் மெட்டுத்தான், கொழும்பில் தெரியாத பிள்ளை இல்லை) அப்பம்மாவின் பழைய சேலையில் ஒரு பையைக் கட்டி, உண்டியல் காசைப் போட்டு, பல்கனியால் இறக்கி, மூன்று சீனிச்சம்பல் பணிஸ் வாங்கி மேலே இழுத்துவிட்டான். கேட்டால் அப்பம்மாதான் வாங்கச் சொன்னவவாம். இரண்டு போட்டால்தான் அடங்குவான் என்கிறார்கள் பக்கத்து வீட்டுக்காரர். எனக்குக் கை வரவில்லை. வாங்கியதில் ஒன்றை எனக்கும் ஒன்றை அப்பம்மாவுக்கும் தந்தவன் அவன். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனா?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
அடிக்காதீங்கோ தங்கச்சி. முடிச்சு அவிழாமல் கட்டியிருக்கிறான், காசை எண்ணிப் போட்டிருக்கிறான், தெரியாத ஆளிடம் அவ்வளவு உயரத்திலிருந்து தனக்கு வேண்டியதைச் சொல்லி வாங்கியிருக்கிறான், இதையெல்லாம் வகுப்பில் படிப்பிக்க எனக்கு ஒரு தவணை போகும். பொய்க்கும் பயப்படாதீங்கோ. 1989இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பின்னால் இருக்கிற விளையாட்டுப் பொருளைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பெரும்பாலான பிள்ளைகள் பார்த்தார்கள், அதில் சிலர் பார்க்கவில்லை என்று சாதித்தார்கள். மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கத் தொடங்கிய பிள்ளைதான் அப்படிச் சொல்லும். பொய் நல்லது என்று சொல்லவில்லை, இருத்திக் கதையுங்கோ. அடித்தால் அடுத்த முறை இன்னும் வடிவாகச் சொல்லப் பழகுவான்.

தெஹிவளை அண்ணா:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் பல்கனியை லேசாக விடாதீங்கோ. நாங்கள் சின்ன வயதில் கடற்கரை ரயில் பாதையில் காசு வைத்துத் தட்டையாக்கியவர்கள், இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. மரம் ஏறுகிற பிள்ளைக்குத் தன் கால் நடுங்குவது தெரியும், நடுங்கினால் இறங்கிவிடும். உக்கின கொப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2024இல் இதைத்தான் பிரித்துச் சொன்னது: பிள்ளை தானே உணர்ந்து சமாளிக்கிற ஆபத்துக்கு இடம் விடுங்கோ, அதன் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைப் பெரியவர்கள் பார்த்து அகற்றுங்கோ. முதலில் அந்தப் பல்கனிக் கம்பியை ஆட்டிப் பாருங்கோ.

பம்பலப்பிட்டி மாமி:
பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்கு உள்ள பத்துப் பருவத்தில் சிற்றிலும் ஒன்று, பெண் பிள்ளைகள் மணலில் கட்டின வீட்டைக் காலால் அழிக்கிற வயது. அவர்கள் அழிக்காதே என்று கெஞ்சுவதுதான் பாட்டு. தலையாட்டுகிற செங்கீரை, கைகொட்டுகிற சப்பாணி மாதிரி குழப்படியையும் ஒரு பருவமாகவே வைத்திருக்கிறார்கள், பிள்ளை.

வெள்ளவத்தை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இவர் கம்பியை ஆட்டிப் பார்த்தார், ஒரு பக்கம் ஆணி கழன்றிருந்தது. திருத்தும்வரை பல்கனிக் கதவுக்குப் பூட்டு. இரவு மகனை மடியில் இருத்திக் கேட்டேன். "அப்பம்மா சொல்லேல்லை அம்மா, ஆனா அவ ஒவ்வொரு நாளும் அந்தப் பாட்டுக் கேட்டா எட்டிப் பாக்கிறவ" என்றான்.