நாய்க்குப் பெயர் இல்லாத புத்தகம்

நான், இரவு 7:40
அண்ணி, வேலை முடிந்து வந்துவிட்டீர்களா? சின்னவன் விஷயமாக ஒன்று கேட்க வேண்டும். குளிக்கப் போயிருக்கிறான், அதற்குள் கேட்டுவிடுகிறேன்.

அண்ணி, 7:43
வந்துவிட்டேன், சொல்லு.

நான், 7:46
தங்கை பிறந்தநாளுக்கு அனுப்பிய கதைப் புத்தகத்தை ஒரே இரவில் படித்து முடித்தான். மறுநாள் பார்த்தால், அலமாரியின் அடித்தட்டில் முதுகு தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். மற்ற புத்தகமெல்லாம் நேராகத்தான் நிற்கின்றன. நான் எடுத்துச் சரியாக வைத்தேன். மாலையில் மறுபடி சுவரைப் பார்த்து நிற்கிறது. ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை.

தங்கை, 7:47
ஐயோ. பார்த்துப் பார்த்து வாங்கினேன் அக்கா. அதில் வரும் பையனும் அவனைப் போலத் திக்கிப் பேசுகிறவன். படித்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணன், 7:49
பரிசு தந்தவளுக்கே முதுகைக் காட்டிவிட்டதே புத்தகம்!

அண்ணி, 7:50
நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள். கதை எப்படி முடிகிறது? அதை மட்டும் சொல்லு.

தங்கை, 7:52
பையன் விடாமல் பயிற்சி செய்கிறான். கடைசியில் பேச்சுப் போட்டியில் ஓரிடத்திலும் திக்காமல் பேசிக் கோப்பை வாங்குகிறான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணி, 7:56
அழுகை வந்தது உனக்கு. அவனுக்கு என்ன வந்திருக்கும் என்று பார். நாலு வயதிலிருந்து பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான், இப்போது 11 வயது. சின்ன வயதில் திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளரப் போய்விடும். ஆனால் பெரியவர்களிலும் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அது இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் எல்லாம் முயற்சி செய்யாதவர்களா? 'நீ இன்னும் ஒழுங்காக முயலவில்லை' என்று அந்தக் கடைசி அத்தியாயம் அவனிடம் சொல்லியிருக்கிறது. உன் மேல் தப்பில்லை, நானும் நூலகத்தில் இப்படி நிறையப் பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நான், 7:58
தப்பு என் மேலும் இருக்கிறது. படித்து முடித்த அன்றே, "என்னடா தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டேன்.

மகள், 7:58
அம்மா!!! கேட்டீர்களா?!

அப்பா, 8:01
நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் காலத்தில் ராஜா கதை, நரிக் கதை, பேய்க் கதை. யாரும் அதில் தன்னைத் தேடவில்லை. கதை என்றால் கதை. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு கதை வேண்டும் என்கிறீர்கள்.

அண்ணி, 8:06
மாமா, நீங்கள் தேடவில்லை என்றால் அதற்கும் காரணம் இருக்கும். ராஜகுமாரன் எப்போதும் ஆண்பிள்ளை. நல்ல கையும் காலும் உள்ளவன், தடங்கல் இல்லாமல் பேசுகிறவன். உங்களுக்கு அதில் உறுத்த என்ன இருந்தது? அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற ஆசிரியை 1965இல் ஒரு கணக்கெடுத்தார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் நூல்களில், கதையிலோ படத்திலோ ஒரு கறுப்பின மனிதராவது இருந்தவை 349 மட்டும். அந்தக் கட்டுரையே ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியோடுதான் தொடங்கும்: எப்போதும் ஏன் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள்? தேடியதால்தானே கேட்டிருக்கிறாள்?

அப்பா, 8:08
சரி. கேட்க வேண்டிய கேள்விதான்.

அண்ணி, 8:11
அப்புறம் 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியை இதற்கு ஓர் உவமை சொன்னார். எங்கள் துறையில் எல்லாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிவோம். சில புத்தகம் முகம் பார்க்கிற கண்ணாடி. சில புத்தகம் ஜன்னல். சில புத்தகம் தள்ளித் திறந்து உள்ளே போகிற கண்ணாடிக் கதவு. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் ஜன்னலிலேயே நம் முகம் தெரியும் இல்லையா, அதையும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன், 8:12
எனக்கு மூக்குக் கண்ணாடி போதும்.

அண்ணன், 8:13
ஆனால் ஒன்று. கதை படித்தால் அடுத்தவர் மனம் புரியும் என்று விஞ்ஞானமே நிரூபித்துவிட்டதாக எங்கள் அலுவலகக் குழுவில் ஒரு செய்தி வந்தது. இங்கே அனுப்பட்டுமா?

மகள், 8:17
வேண்டாம் மாமா, எனக்கும் வந்தது. அது 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வாக இருக்கும். இலக்கியக் கதையில் ஒரு சின்னப் பகுதியைப் படித்தவர்கள், கண்களை மட்டும் படத்தில் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் சோதனையில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். படித்தது பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை. பிறகு வேறு குழுக்கள் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஒரு கதை படித்ததும் நல்லவனாகிவிடுவான் என்று யாரும் கணக்குப் போட முடியாது.

அண்ணன், 8:18
17 வயதில் இவ்வளவு பேச்சா! சரி, அனுப்பவில்லை.

தங்கை, 8:20
அப்படியென்றால் எதைப் பார்த்துத்தான் வாங்குவது?

அண்ணி, 8:27
நான் முதலில் கடைசிப் பத்துப் பக்கத்தைப் புரட்டுவேன். குறை தீர்ந்தால்தான் சந்தோஷம் என்று முடிகிறதா என்று பார்ப்பேன். அடுத்து, அந்தப் பிள்ளை மற்றவர்களை நல்லவர்களாக்குவதற்காகவே கதையில் வைக்கப்பட்டிருக்கிறதா? இப்படி நிறைய வருகிறது. சக்கர நாற்காலிச் சிறுமி பாவம் போல உட்கார்ந்திருப்பாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி திருந்துவாள். திருந்தியவளுக்குத்தான் கதை, நாற்காலியில் இருப்பவளுக்கு ஒரு கோபம்கூடக் கிடையாது. அந்தப் பிள்ளை குறும்பு செய்கிறதா, பொய் சொல்கிறதா, யாரையாவது சிரிக்கவைக்கிறதா என்று பார். இருந்தால் தைரியமாக வாங்கலாம்.
ஜோர்டன் ஸ்காட் என்ற கனடாக் கவிஞரும் திக்கிப் பேசுபவர்தான். தன் சின்ன வயதை வைத்து 2020இல் ஒரு படக்கதை எழுதினார். வகுப்பில் நாள் மோசமாகப் போன பையனை அப்பா ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவார். ஆறும் சுழித்து, நுரைத்து, மோதித்தானே போகிறது, நீயும் அப்படித்தான் பேசுகிறாய் என்பார். கதை முடியும்போதும் பையனுக்குத் திக்கத்தான் செய்யும். அப்படியே வகுப்பில் எழுந்து ஆற்றைப் பற்றிச் சொல்வான். கோப்பை கீப்பை எதுவும் கிடையாது.

மகள், 8:31
எங்கள் வயதுக்கும் இதே தொல்லைதான் அத்தை. பெரியவர் யாராவது கடைசியில் வந்து விளக்கம் கொடுத்தால் அங்கேயே மூடிவிடுவேன். 13 வயதில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரி படித்தேன், அவளும் எழுதத் தொடங்கியபோது 13தான். மனிதர்கள் நல்லவர்கள் என்று அவள் எழுதியதைத்தான் எல்லாரும் சுவரில் ஒட்டுகிறார்கள். எனக்கு மனசில் நின்றது மேசைச் சண்டை. அறையைப் பகிர்ந்துகொண்ட பெரியவரிடம், வாரத்தில் இரண்டு நாள், மாலை நாலு முதல் ஐந்தரை வரை மேசையைத் தாருங்கள் என்று கேட்பாள். அவர் முடியாது என்பார். வெளியே காலெடுத்து வைத்தால் பிடித்துப்போய்விடுவார்கள், அவளுக்கு எழுத ஒன்றரை மணி நேரம் மேசை வேண்டும்! அந்த இடத்தில்தான் அவள் எனக்குத் தோழியானாள்.

நான், 8:32
இதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே.

மகள், 8:32
நீங்கள் என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டீர்கள்.

அப்பா, 8:40
நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். டோட்டோசான் என்ற ஜப்பானியச் சிறுமியின் பள்ளி நாட்களைச் சொல்லும் புத்தகத்தை 50 வயதுக்கு மேல்தான் படித்தேன். அதில் யசுவாக்கி என்று போலியோ வந்த பையன். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம், இவனால் மட்டும் ஏற முடியாது. டோட்டோசான் தன் மரத்துக்கு அவனை அழைப்பாள். முதலில் சாய்ப்பு ஏணி கொண்டுவருவாள், அது சரிப்படாது. அப்புறம் ஓடிப்போய்த் தானே நிற்கிற மடக்கு ஏணியை இழுத்து வருவாள். ஒவ்வொரு படியாக அவன் காலைத் தூக்கி வைத்து, தலையால் முட்டுக்கொடுத்து மேலே தள்ளுவாள். இருவருக்கும் வியர்த்துக் கொட்டும். மேலே போய் உட்கார்ந்ததும் அவன் என்ன பேசுவான் தெரியுமா? டெலிவிஷன் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம் என்று சொல்லிக்கொண்டிருப்பான். நன்றி வணக்கம் எல்லாம் இல்லை. அந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குப் போலியோ வந்ததில்லை. இருந்தும் ஏணிப் படியில் நானும் நின்ற மாதிரி இருந்தது.

அண்ணி, 8:42
மாமா, அந்த ஜன்னலில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது.

அண்ணன், 8:43
அப்பா இவ்வளவு நீளமாகத் தட்டச்சு செய்து இன்றுதான் பார்க்கிறேன்.

தங்கை, 8:45
அந்தப் பையனுக்கு அப்புறம் கால் சரியாகிவிடுமா அப்பா?

அப்பா, 8:46
இல்லை. இறந்துபோவான். பள்ளியும் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோகும். எரிந்துகொண்டிருக்கும்போதே தலைமையாசிரியர் தன் மகனிடம், அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று கேட்பார். உண்மையில் நடந்த கதை அம்மா.

நான், 8:55
நான் சின்னவன். அம்மா போனில் இருக்கிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

தங்கை, 8:55
கண்ணா, சித்தியை மன்னித்துவிடு. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நான், 8:58
கோப்பை வாங்கியது பிடிக்கவில்லை, அது சரி. ஆனால் அதற்கு முன்னாலேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அந்தப் பையனுக்குத் திக்குவதைத் தவிர வேறு வேலையே இல்லை. அவன் ஒரு நாய் வளர்க்கிறான். புத்தகம் முழுக்க அந்த நாய் வருகிறது. அதற்குப் பெயரே கிடையாது. 'அவனுடைய நாய்', 'அவனுடைய நாய்' என்றே போகிறது. நாய் வளர்க்கிற யாராவது பெயர் வைக்காமல் இருப்பார்களா?

அண்ணி, 9:00
நான் பார்ப்பதாகச் சொன்ன எதிலும் இது இல்லை. உனக்கு எந்த மாதிரிக் கதை வேண்டும்?

நான், 9:02
துப்பறியும் கதை அத்தை. துப்பறிகிறவன் திக்கிப் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. திருடனை அவனே கண்டுபிடிக்க வேண்டும். போலீஸ் மாமா வந்து கண்டுபிடிக்கக் கூடாது.

அண்ணி, 9:03
நாளைக்கே அலமாரியில் தேடுகிறேன்.

தங்கை, 9:04
அந்தப் புத்தகத்தை என்ன செய்யலாம், சொல்லு.

நான், 9:06
திருப்பிக் கொடுக்க முடியாது சித்தி. பென்சிலால் எழுதிவிட்டேன். 'நாய்' என்று வரும் இடத்திலெல்லாம் அடித்துவிட்டு மேலே ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். பக்கம் 31 வரைக்கும் முடிந்துவிட்டது.

தங்கை, 9:06
என்ன பெயர்?

நான், 9:07
சொல்ல மாட்டேன். வந்து பாருங்கள்.