தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் ரூம் தர மறுத்துவிட்டார்கள், ஆப்பில் "நீங்கள் வரவில்லை" என்று காட்டுகிறது. பணம் திரும்ப வருமா?

ஈரோட்டுக்காரி:

கொஞ்சம் நீளமான கதைங்க, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போனபிறகு வந்த முதல் தை அமாவாசை இது. எங்களுக்குப் பவானி கூடுதுறை பக்கத்திலேயே இருக்கிறது, தாத்தா காலத்திலிருந்து எல்லாம் அங்கேதான். ஆனால் அப்பா "ஒரு தடவை ராமேஸ்வரம் போயிட்டு வந்துடணும்" என்று சொல்லிச் சொல்லியே போகாமல் போய்விட்டார். அதனால் தர்ப்பணத்தை அங்கே கொடுக்கலாம் என்றான் தம்பி.

அம்மா (68 வயது, முழங்கால் தேய்மானம்), தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். மூன்று வாரம் முன்பே இரண்டு ரூம் போட்டோம். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே நிறத்தில் போர்டு மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். மேற்கு ரத வீதிக்குப் பக்கத்துச் சந்து. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு அம்மா ஈரச்சேலையோடு நாலு எட்டு நடந்தால் ரூம், அதுதான் கணக்கு. ஒரு ரூம் 1,882 ரூபாய். ஒன்று என் போனில், ஒன்று தம்பி போனில். யுபிஐயில் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, மொத்தம் 3,764.

முந்தின நாள் மதியம் ஈரோட்டில் கிளம்பி, பரமக்குடியில் ஒரு காபி குடித்துவிட்டு, இரவு எட்டரைக்குப் போய் இறங்கினோம். கவுண்டரில் இருந்த பையன் போனைப் பார்க்கவே இல்லை. "அந்த ஆப்ல இருந்து நாங்க வெளிய வந்துட்டோம்மா" என்றான். அவன் தலைக்கு மேலேயே அந்தக் கம்பெனி போர்டு எரிந்துகொண்டிருக்கிறது! சரி, அப்படியானால் ரூமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறதாம். ஒரு ரூம் நாலாயிரத்து ஐந்நூறு, கையில் பணமாக, பில் கிடையாது. "ஆப்ல போட்டதை நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் தானா வந்துடும்" என்றான்.

தம்பி அங்கிருந்தே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டான். பதினாலு நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண், ஹோட்டலில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று வைத்தது. கூப்பிடவே இல்லை. எட்டு மணிநேரம் வண்டி ஓட்டி வந்தவன், சலித்துப்போய் அவன் புக்கிங்கை கேன்சல் செய்துவிட்டான். நான் செய்யவில்லை. புத்திசாலித்தனம் எல்லாம் இல்லை, என் போனில் சார்ஜ் போய்விட்டது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் கைகாட்டிய மடத்தில் ஹால் மாதிரி ஒரு அறை, 1,500 ரூபாய்க்கு. பாய், தலையணை கொடுத்தார்கள். தர்ப்பணம் நல்லபடியாக முடிந்தது. அதுவரைக்கும் சந்தோஷம்.

ஊருக்கு வந்து பார்த்தால், தம்பி புக்கிங்கில் "கடைசி நேர ரத்து, முழுக் கட்டணம் பிடித்தம்". என் புக்கிங்கில் "விருந்தினர் வரவில்லை". பதினோரு நாளாகச் சாட்டில் மல்லுக்கட்டுகிறேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஏழு பேர் வருந்திவிட்டார்கள். நேற்று ஒருவர், ஆப் வாலட்டில் 1,000 ரூபாய் போடுகிறோம், 90 நாளுக்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்கிறார். வாங்கிக்கொள்வதா? மீதிக்கு ஏதாவது வழி இருக்கிறதா? அம்மா "காசு போனாப் போகுது கண்ணு, உங்கப்பனுக்குப் போன கணக்குல வெச்சுக்க" என்கிறது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

கடைசிபெஞ்ச்:

3,700 ரூபாய்க்காக இத்தனை நாளா? ஆயிரத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இந்த மாதிரி ஆப்பில் போட்டதே தப்பு.

பழையரிசப்ஷன்:

அக்கா, கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ் கவுண்டரில் நாலு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். எங்கள் லாட்ஜும் இப்படி ஒரு கம்பெனி போர்டு மாட்டியிருந்ததுதான். உங்களிடம் அந்தப் பையன் சொன்ன அதே வசனத்தை முகூர்த்த நாட்களில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, அதனால் உள்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கட்டடம் யாரோ ஒரு முதலாளியுடையது. கம்பெனி கொடுப்பது போர்டு, பெட்ஷீட், ஆப்பில் ஒரு இடம். சாதாரண நாளில் ஆப்தான் எங்களுக்குச் சோறு போடும். கூட்டம் வரும் நாளில் கதை மாறும். மூன்று வாரம் முன்பு 1,882க்குப் போன ரூமுக்கு வாசலில் ஒருவர் 4,500 நீட்டுகிறார். முதலாளி என்ன செய்வார்? ஆனால் ஹோட்டலே மறுத்ததாகப் பதிவானால் கம்பெனி அபராதம் போட்டு அந்த மாதத்துக் கணக்கில் கழித்துவிடும், எங்கள் முதலாளிக்கு அதுதான் பயம். அதனால்தான் "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க". நீங்கள் செய்தால் அது உங்கள் கணக்கு, ஹோட்டல் மேல் கறை இல்லை. செய்யவில்லையா, ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் நாங்களே "வரவில்லை" என்று தட்டிவிடுவோம்.

ஆக, நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அன்று இரவு அந்த வாசலில் நின்றீர்கள் என்பது. அம்மா முழங்கால், பிள்ளைகள் பசி எல்லாம் அதற்கு அப்புறம். தம்பி கஸ்டமர் கேருக்குப் பேசிய கால் விவரம் போனில் இருக்கும், அழித்துவிட வேண்டாம். வராத ஆள் எதற்காக எட்டரை மணிக்குப் பதினாலு நிமிடம் லைனில் நிற்கிறார்? உள்ளே ஒரு போட்டோ எடுத்திருந்தால் தங்கம். மடத்து ரசீது இருந்தால் அதையும் வையுங்கள்.

திண்டுக்கல்வாத்தியார்:

அந்த ஆயிரம் ரூபாயைத் தொடாதீர்கள் அம்மா. வாங்கிக்கொண்டால் "புகார் தீர்ந்தது" என்று மூடிவிடுவார்கள். அதைச் செலவழிக்கவும் மறுபடி அவர்களிடம்தானே ரூம் போடவேண்டும்?

வாஷிங் மெஷின் ஒன்றுக்காக நுகர்வோர் ஆணையம் வரை போய் ஜெயித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாட்டில் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள்படி இப்படிப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடுங்கள். அவருக்கு மின்னஞ்சல் போனால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

தம்பி கேன்சல் செய்துவிட்டாரே என்று சோர்ந்துவிட வேண்டாம். அதே விதிகளில் இன்னொன்று உண்டு: கம்பெனி தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதேபோன்ற ரத்துக் கட்டணத்தை ஏற்காவிட்டால், வாடிக்கையாளர் ரத்து செய்யும்போதும் அதைப் பிடிக்கக்கூடாது. "ஹோட்டல் மறுத்தால் எனக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள்.

மசியவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல நேரம் அதுவே போதும். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலேயே போடலாம், ராமேஸ்வரத்துக்கோ கம்பெனி இருக்கும் ஊருக்கோ அலையவேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். இப்போது இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஆனால் மூன்று மாதத்தில் முடியவேண்டும் என்று சட்டம் சொல்வதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள். என் வாஷிங் மெஷின் ஒன்றே கால் வருடம் இழுத்தது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடமே பணத்தைத் திருப்பக் கேட்டிருக்கலாம். யுபிஐ ஆப்பில் புகார் கொடுத்தால் "பரிவர்த்தனை வெற்றி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றிங்க. கடைசிபெஞ்ச், நீங்களும் எங்கம்மாவும் ஒரே கட்சி.

போட்டோ இருக்கிறது! தம்பி மனைவி, பிள்ளைகள் பையின் மேல் சாய்ந்து தூங்குவதைப் பாவம் என்று எடுத்து அவள் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். பின்னால் கவுண்டர், மேலே போர்டு. அனுப்பிய நேரம் 8.51. குறைதீர் அலுவலர் மின்னஞ்சலையும் கண்டுபிடித்துவிட்டேன், "எங்களைப் பற்றி" என்ற பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்துக்குள் இருந்தது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஈரோட்டுக்காரி (ஐந்து வாரம் கழித்து):

என்ன ஆனது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

மின்னஞ்சலைத் தமிழில் எழுதி, தம்பியை விட்டு இங்கிலீஷில் மாற்றச் சொன்னேன். முதல் வரியே இதுதான்: "இந்தத் தேதியில் இரவு 8.30க்கு உங்கள் ஹோட்டலுக்கு நேரில் வந்தோம், பணம் கட்டிய இரண்டு ரூமையும் தர மறுத்து, அதே ரூமுக்கு 4,500 ரூபாய் ரொக்கமாகக் கேட்டார்கள்." அப்புறம் இரண்டு புக்கிங் எண், போட்டோ, கால் விவரம், மடத்து ரசீது. கடைசியில், 3,764 ரூபாயும் கட்டிய கணக்குக்கே வரவேண்டும், வாலட் வேண்டாம், 15 நாளுக்குள் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் என்று முடித்தேன். முதலில் எழுதியது இரண்டு பக்கம் இருந்தது. பழையரிசப்ஷன் தம்பி சொன்னதால் முழங்கால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். வெட்டும்போது கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாளே டிக்கெட் எண் வந்தது. ஒன்பதாம் நாள் என் புக்கிங் பணம் 1,882 முழுதாகக் கணக்கில் ஏறிவிட்டது. தம்பியுடையதற்குப் பாதிதான் தருவார்களாம், "விருந்தினர் தானாக முன்வந்து ரத்து செய்ததால்". தானாக முன்வந்தாம்! அதற்குத்தான் வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். அதற்கு மட்டும் பதிலே இல்லை. பதினாறாம் நாள் 1915க்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார், எண் மெசேஜில் வந்தது. ஆறு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் தானாகவே கூப்பிட்டு, நல்லெண்ண அடிப்படையில் முழுப் பணமும் தருகிறோம் என்றார். நல்லெண்ணமோ என்னவோ, 1,882 வந்துவிட்டது. மடத்துக்குக் கொடுத்த 1,500 கேட்டேன், அது முடியாது என்றார்கள். அதற்காக ஆணையம் வரை போகத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

அந்த ஹோட்டல் இன்றைக்கும் ஆப்பில் இருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன். 1,650 ரூபாய் என்று காட்டுகிறது.

பழையரிசப்ஷன்:

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் வரைக்கும் அப்படித்தான் காட்டும் அக்கா. மடத்து நம்பர் வைத்திருக்கிறீர்களா?

ஈரோட்டுக்காரி:

வைத்திருக்கிறேன். அம்மா ஏற்கெனவே பேசிவிட்டது.